பத்துக்குப் பத்து அறையில் ஒரு மத்யமம்

அக்கா பையன் திருச்சியில் தன் அறையை ஸ்டூடியோவாக மாற்றிவிட்டான் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் கோழிப்பண்ணைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இரண்டு சுவர் முழுக்க முட்டை அட்டை.

"இருநூறு அட்டை மாமா. முட்டைக் கடைல சொல்லி வச்சு ரெண்டு மாசமா சேத்தேன்."

பையன் மிருதங்கம் வாசிப்பவன். பாடுவது அவன் நண்பன், ஒரு கட்டை சுருதி. தம்புராவுக்கு போனில் ஒரு ஆப். கண்டென்சர் மைக் இரண்டு, அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று, ஹெட்போன். ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்து வைத்திருந்தான். போட்டுக் காட்டிவிட்டுத் தானே குறையும் சொன்னான்: "குரல் உள்ளேயே போயிடுது மாமா. ஏத்துனா கத்துற மாதிரி இருக்கு. இறக்குனா ஆளே காணோம்."

திரையைப் பார்த்தேன். நடந்தது புரிந்தது. முதலில் குரலின் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை, ஏற்றியிருக்கிறான். மிருதங்கம் அமுங்கியது போலிருக்கவே அதை ஏற்றியிருக்கிறான். தன் வாத்தியமாயிற்றே, கொஞ்சம் தாராளமாகவே. பிறகு தம்புரா. மறுபடி குரல். கடைசியில் மூன்றுமே கூரையில் முட்டி சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் பதிவு செய்யும் எல்லோரும் ஏறி இறங்கிய ஏணிதான் இது, நான் உட்பட.

இந்த ஏணியில் நம்மை ஏற்றிவிடுவது காது. ஒரே பதிவை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை ஒன்றிரண்டு டெசிபல் மட்டும் கூட்டிவைத்தால், "இது இன்னும் தெளிவா இருக்கு, கனமா இருக்கு" என்பார்களே தவிர, "சத்தம் கூடியிருக்கு" என்று யாரும் சொல்வதில்லை. காரணம் 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் வெளியிட்ட வரைபடங்களில் இருக்கிறது. மனிதக் காது எல்லாச் சுரங்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கு அது மிகக் கூர்மை. காதின் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய்; அந்த நீளத்துக்குரிய அதிர்வெண் அந்த இடத்தில்தான் வருகிறது. அடிச்சுரங்களுக்கோ காது மந்தம். மெதுவாக வைத்துக் கேட்டால் அடிச்சுரம் முதலில் மறையும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அது திரும்பி வரும், பாட்டுக்கு உடம்பு வைத்தது போலத் தோன்றும். அதனால் எந்தக் கருவியைச் சேர்த்தாலும், சேர்த்ததற்கு முன்னும் பின்னும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு, முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட வேண்டும். நான் வாங்கிய பிளக்-இன்களில் பாதி இந்தச் சோதனையில் தோற்றன.

டெசிபல் என்றதும் பையன் முழித்தான். அது கிலோ, மீட்டர் போன்ற அளவு இல்லை, விகிதம். ஒலியின் திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். ஆனால் காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கும்: பூஜ்யம்தான் கூரை, மற்றதெல்லாம் அதற்குக் கீழே கழித்தல் குறியோடு. கூரையைத் தாண்டும் அலைக்கு அங்கே இடமே கிடையாது. தலை மட்டமாகச் சீவப்பட்டு, அந்தச் சீவிய விளிம்பு பாட்டில் இல்லாத கரகரப்பை உண்டாக்கும்.

அவன் எல்லாவற்றையும் கூரைக்கு ஒரு டெசிபல் கீழே வரை ஏற்றிப் பதிவு செய்திருந்தான். "லெவல் நல்லா இருக்கணும்னு சொன்னாங்களே?" டேப் காலத்தில் அது சரியான அறிவுரை. நாடாவின் இரைச்சலுக்கு மேலே பாட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைய 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபல். காகிதக் கணக்கில் மொத்தம் 144. உச்சம் கழித்தல் 12இல் நின்றால் இழப்பது இரண்டு பிட். மீதி 132 டெசிபல் கையில் இருக்கிறது. அந்த அறையின் சீலிங் ஃபேன் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம். ஃபேனை நிறுத்தினால் திருச்சி மே மாதத்தில் மிருதங்கத் தோலில் வியர்வை சொட்டும். அதற்கு அறிவியலில் தீர்வு இல்லை. விடியற்காலையில் பதிவு செய்யலாம்.

மாதிரி வேகம் 44,100 என்று திரையில் இருந்ததை அவன் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் காது கேட்கும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைத் திரும்பக் கட்ட அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரில் வழங்கும் விதி. அப்படியானால் 40,000க்குச் சற்று மேல் என்று ஒரு முழு எண்ணை வைத்திருக்கலாமே, எங்கிருந்து வந்தது அந்த ஒற்றை நூறு? 1970களின் கடைசியில் எண்முறை ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு கோட்டுக்கு 3 மாதிரி, ஒரு புலத்துக்கு 245 கோடு, வினாடிக்கு 60 புலம். பெருக்கினால் 44,100. 1982இல் வந்த சிடி அதையே எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் கோடுகள் இன்னும் நம் பாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, குரல் ஏன் மூழ்கியது?

முதல் குற்றவாளி அறை. பத்தடி அகலம், பத்தடி நீளம், பத்தடி உயரம். நம் ஊரில் எத்தனையோ படுக்கையறைகள் இந்த அளவுதான், ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வரும்போது, சில அதிர்வெண்கள் மட்டும் அந்தத் தூரத்தில் கச்சிதமாகப் பொருந்தி நின்ற இடத்திலேயே வீங்கும். நிலை அலை என்பார்கள். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். விடை 57 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 114, 172. சாதாரண அறையில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இந்த வீக்கங்கள் பரவலாக விழும். கனசதுர அறையில் மூன்றும் ஒரே இடத்தில் வந்து ஏறிக்கொள்ளும்.

இப்போது சுருதியைப் பாருங்கள். ஒரு கட்டையின் சட்ஜமம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்குச் சுத்த மத்யமம் 174. அறை வீங்கும் 172க்குப் பக்கத்து வீடு. நண்பன் மத்யமத்தில் நிற்கும்போதெல்லாம் அறையும் கூடச் சேர்ந்து பாடியிருக்கிறது. பதிவைத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு மத்யமத்திலும் குரல் ஒரு பானைக்குள் இறங்கி ஏறியது. பையன் அதைக் கேட்டுவிட்டு, "அவன் மத்யமத்துல அழுத்துவான் மாமா, அதுதான்னு நெனச்சேன்" என்றான். அவன் அழுத்தவில்லை. சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். எல்லா நிலை அலைகளுக்கும் சுவரில் அழுத்தம் உச்சம்.

முட்டை அட்டை இதை என்ன செய்யும்? 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபது அடி. 172 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய ஏழடி. இரண்டு அங்குலக் காகிதக் கூழ் அந்த அலையின் கண்ணுக்கே படாது. மெல்லிய உயர் ஒலிகளை மட்டும் கொஞ்சம் தின்னும். விளைவு, பளபளப்பு போய்விடும், பானைச் சத்தம் அப்படியே இருக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்க அட்டைக்கு எடையும் இல்லை. ஒன்று மட்டும் நன்றாகச் செய்யும்: தீப்பிடிக்கும்.

ஒலியைத் தின்ன எது வேண்டும் என்பதை முதலில் அளந்து சொன்னவர் ஹார்வர்டில் இளம் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகத் திறந்த விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் பேச்சாளர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார். சபைன் இரவுகளில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மறுபடி இன்னும் சில மெத்தைகள். விடிவதற்குள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். இந்தக் கூலி வேலையிலிருந்துதான் கட்டட ஒலியியலின் முதல் சூத்திரம் பிறந்தது: அறையின் கனஅளவை, அதிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்து, 0.161ஆல் பெருக்கினால் எதிரொலி அடங்கும் நேரம்.

சபைன் உறிஞ்சும் பரப்பை அளந்த அலகு எனக்குப் பிடித்தமானது: திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே முழு உறிஞ்சல். பத்துக்குப் பத்து அறையில் சுண்ணாம்புப் பூச்சும் டைல்ஸும் மட்டும் இருந்தால், சுவர்கள் நூற்றில் மூன்று பங்கு உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், எதிரொலி அடங்கக் கணக்குப்படி இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். பத்து சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமான மெத்தை, துணிமணி, ஜமக்காளம் உள்ளே வந்தால் 0.4 வினாடிக்கு இறங்கிவிடும். நிஜ ஜன்னலைத் திறந்தாலும் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதன் வழியே காக்காயும் குப்பை வண்டியின் பாட்டும் உள்ளே வரும்.

அட்டைகளைப் பிய்த்தோம். அக்காவிடம் கெஞ்சி பரணிலிருந்து மூன்று இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, சுருட்டி, மூலைகளில் நிறுத்தினோம். மூலையில் மூன்று பரப்புகளும் சந்திப்பதால் எல்லா வீக்கமும் அங்கே வந்து சேரும். ஒரு முழத்துக்கும் மேல் தடிமனான பஞ்சுச் சுருள்தான் அதோடு மல்லுக்கட்டும். இரும்பு பீரோவின் சாவி, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் விழும் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நண்பனை மறுபடி பாட வரச்சொல்லி, சுவரிலிருந்து இருபது அங்குலம் முன்னால் உட்காரவைத்தோம். பத்தடியில் ஆறில் ஒரு பங்கு அது. 172 ஹெர்ட்ஸ் நிலை அலைக்கு அந்தச் சுவர்ப் பக்கத்தில் அழுத்தம் ஏறக்குறைய இல்லாத இடம். "ரெண்டு அடிகூட இல்ல மாமா, இதுல என்ன மாறப்போகுது" என்றான். மத்யமம் பானையிலிருந்து வெளியே வந்தது.

இரண்டாவது குற்றவாளி மைக்குகளின் இருப்பு. கச்சேரி மாதிரி இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். குரல் தன் மைக்கை 30 சென்டிமீட்டரில் எட்டும். மிருதங்கத்தின் மைக்கையும் விடாமல் 65 சென்டிமீட்டரில் போய் எட்டும். 35 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஆயிரத்தில் ஒரு வினாடி தாமதம். ஒரே குரலின் இரண்டு பிரதிகள் இந்தத் தாமதத்தோடு கலக்கும்போது, 500 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும். பிறகு 1,500இல், 2,500இல், 3,500இல். சீப்பின் பல்லிடுக்கு மாதிரி வரிசையாகப் பள்ளங்கள். குரல் தகர டப்பாவில் பாடியது போல மெலியும். இந்த நிலையில் ஃபேடரை எவ்வளவு ஏற்றினாலும் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும். அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவாலும் அதை நிரப்ப முடியாது.

ஒலிப்பதிவாளர்கள் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கு நடுவே இருக்கட்டும். அப்போது கசிந்து வருவது ஒன்பதரை டெசிபல் அளவு தாழ்ந்துவிடும், பள்ளங்களும் ஆழமிழக்கும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி எதிரெதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு மைக்கின் முதுகையும் மற்றவர் பக்கம் திருப்பினோம். ஒருதிசை மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அதே மைக்கை வாயருகே கொண்டுபோனால் அடிச்சுரம் தானாகக் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வானொலி அறிவிப்பாளர்களின் கம்பீரத்தில் இதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

மூன்றாவது காரணம்தான் உண்மையில் மிக்ஸிங் என்கிற வேலையின் உயிர். காதின் உள்ளே நத்தைச் சுருளில் ஒரு சவ்வு, மூன்றரை சென்டிமீட்டர் நீளம். வாசலில் உயர்ந்த ஒலிகளுக்கு இடம், உள்கோடியில் தாழ்ந்தவற்றுக்கு. அலை அந்தச் சவ்வின் மேல் பயணம் செய்வதைக் கண்டு காட்டியதற்காக பெக்கேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. தாழ்ந்த ஒலி தன் கோடிக்குப் போகும் வழியில் உயர்ந்தவற்றின் இடத்தையெல்லாம் அசைத்துக்கொண்டே போகிறது. ஆகவே தொப்பியின் கும்கி குரலை மறைக்கும். குரல் தொப்பியை அவ்வளவாக மறைக்காது. இரண்டு ஒலிகள் சவ்வில் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் வலுத்தது மட்டும்தான் கேட்கும். மற்றது பதிவில் இருக்கும், காதில் இருக்காது.

மிருதங்கத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல். சாதாரணத் தோல் கொட்டின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேராது. அதனால்தான் அதில் சுருதி கேட்பதில்லை. வலந்தலையின் நடுவில் படிந்த கருஞ்சோறு அந்த மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்தைப்போல வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதை 1920இல் அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சி. வி. ராமன். பேர்பெற்ற பிற்காலக் கண்டுபிடிப்புக்குப் பல ஆண்டு முன்னால், கல்கத்தாவில் செய்த வேலை. கச்சேரிக்கு அது வரம்: வலந்தலை பாடகரின் சட்ஜமத்தோடு இணைகிறது. மிக்ஸ் செய்பவனுக்கு அதே வரம் தலைவலி. குரலின் சட்ஜமமும் அதன் மேற்சுரங்களும் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே வலந்தலையும் நிற்கிறது. தம்புராவும் அப்படித்தான். ஜீவாளி நூல் தரும் அந்த ரீங்காரம் மேலே வரை மேற்சுரங்களைக் கொட்டுகிறது. மூன்றும் சுருதி சேர்ந்திருப்பதால்தான் ஒன்றையொன்று மறைக்கின்றன.

யார் எங்கே விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வோர் இடமாகத் தீர்மானித்தோம். நண்பன் இறங்கும் மிகத் தாழ்ந்த சுரம் மந்தர பஞ்சமம், 98 ஹெர்ட்ஸ். ஆகவே குரல் ட்ராக்கில் 80க்குக் கீழே உள்ளதெல்லாம் லாரி உறுமல், வெட்டினோம். தொப்பிக்கு அந்த அடித்தளம் முழுவதும் சொந்தமாயிற்று. மிருதங்கத்தில் 300 ஹெர்ட்ஸைச் சுற்றி மூன்று டெசிபல் குறைத்தபோது பையன் முகம் சுருங்கியது. "என் சவுண்டே போச்சு மாமா." மிருதங்கத்தைத் தனியாகக் கேட்டால் அவன் சொன்னது சரி. மூன்றையும் சேர்த்துப் போட்டதும் பேசாமல் இருந்தான். தனித்தனியாக ஒவ்வொன்றையும் அழகாக்குவதுதான் மிக்ஸ் கெடுவதற்குச் சுலபமான வழி என்று எனக்குத் தோன்றும். சாகித்யத்தின் வல்லின ஒலிகள், ச, த, ட எல்லாம், பெரும்பாலும் 2,000 முதல் 5,000 வரை வாழ்பவை. அந்தப் பகுதியில் தம்புராவை நான்கு டெசிபல் தணித்தோம். குரலின் ஃபேடரைத் தொடவே இல்லை. சொற்கள் கேட்க ஆரம்பித்தன.

கம்ப்ரெஸரைப் பற்றி நீட்டப்போவதில்லை. டிவியில் விளம்பரம் அலறியதும் ரிமோட்டை எடுத்துக் குறைக்கும் அக்காவின் கைதான் அது. எந்தச் சத்தத்துக்கு மேல் குறைப்பது, எவ்வளவு, எத்தனை வேகத்தில், எப்போது கையை எடுப்பது, திருகுகள் அவ்வளவே. நான்குக்கு ஒன்று என்றால், கோட்டைத் தாண்டிய 8 டெசிபல் 2 ஆகி வெளியே வரும். கர்நாடக இசையில் கை கொஞ்சம் கனத்தாலும் கமகத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகும், பாடகர் மூச்சிழுப்பது பாட்டுக்குச் சமமாக எழும்பும். இரண்டுக்கு ஒன்று வைத்து, மேல் ஸ்தாயியில் மட்டும் தொடும்படி விட்டுவிட்டோம்.

பையனுக்கு ஒரு கடைசி ஆசை இருந்தது. மற்றவர்கள் பாட்டைப்போல யூடியூபில் தன் பாட்டும் "அதிரணும்". முன்பெல்லாம் அதற்காகவே பாட்டின் மேடு பள்ளத்தைச் சீவித் தட்டையாக்கினார்கள். 2008இல் மெட்டாலிகாவின் ஆல்பம் ஒன்று அப்படிச் சீவப்பட்டதற்காக ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள். இன்று அந்தப் பந்தயத்தில் பரிசு இல்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் கழித்தல் 14 லஃப்ஸ் என்ற சராசரி உரப்புக்குக் கொண்டுவந்து போடுகிறது. யூடியூபும் உரத்ததைத் தணித்துவிடும். சீவி உயர்த்திய பாட்டு, கீழே இறக்கப்பட்ட பிறகு, சீவாத பாட்டுக்குப் பக்கத்தில் சோகையாக நிற்கும்.

ராத்திரி எட்டு மணிக்கு முடித்தோம். கடைசிச் சோதனைக்கு போனில் ஏற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனோம். போனின் குட்டி ஸ்பீக்கர் 131 ஹெர்ட்ஸை ஏறக்குறையத் தருவதே இல்லை. ஆனாலும் சட்ஜமம் சட்ஜமமாகவே கேட்டது. 393, 524 என்று வரும் மேற்சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, வராத அடிச்சுரத்தை மூளை தானே வைத்துக்கொள்கிறது. தொப்பிக்கு அந்தச் சலுகை குறைவு. அது காணாமல் போயிருந்தது, பையன் என்னை முறைத்தான்.

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். "நல்லா பாடுறான்டா. வார்த்தையெல்லாம் தெளிவா இருக்கு. தம்புரா போடலையா?"

"போட்டிருக்கும்மா."

"எனக்குக் கேக்கலையே."

அவன் உள்ளே ஓடிப்போய் தம்புரா ட்ராக்கை அணைத்துவிட்டு, இன்னொரு பிரதி எடுத்துவந்து போட்டான். அனுபல்லவி வரை போயிருக்கும். அக்கா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா பண்ணுன? இப்ப என்னமோ வெறிச்சுன்னு இருக்கு."